ஹமாரா ஐஸ்

"நான் போனப்ப அங்க ஒண்ணுமே இல்லீங்க. காடு, கடல். அவ்வளவுதான்."

போனில் வந்த வீடியோவில் அவர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார். சென்னையில் ஏதோ ஓர் ஏசி மண்டபம். முன்வரிசையில் கோட்டு போட்ட இளைஞர்கள். பின்னால் திரையில், போர்ட் பிளேருக்குத் தெற்கே எங்கள் தீவில் கப்பல் வந்து நிற்கும் ஹட் பே ஜெட்டியின் படம். தனி மனிதன் ஒருவன் நினைத்தால் ஒரு தீவையே முன்னேற்றிவிடலாம் என்பதுதான் பேச்சு. எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட, கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள்.

நான் கைதட்டவில்லை. ஒன்றுமே இல்லை என்று அவர் சொன்ன இடத்தில் நாங்கள் இருந்தோம். என் அம்மா இருந்தாள். சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, அங்கிருந்து அனுப்பப்பட்டு, இங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்து, அந்தத் தோட்டத்தையும் மூடியபிறகு வீட்டைச் சுற்றி வாழையும் பாக்கும் வைத்துப் பிழைத்தவள். அவர் கண்ணுக்கு அவளும் காட்டில் சேர்த்தி போலிருக்கிறது.

பெயர் எழுதப் போவதில்லை. எங்களுக்கு அவர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வங்காளிகளும் தெலுங்கர்களும்கூட அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அதுதான் அவர் பெயர் என்றே பாதிப்பேர் நினைத்தார்கள். அவர் மனைவி ஒருமுறை மெயின்லேண்டிலிருந்து வந்து இறங்கியபோது, என் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் ஜெட்டியிலேயே கும்பிட்டு "நமஸ்தே மிஸஸ் அண்ணாச்சி" என்றாள். அந்த அம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் திருடர் இல்லை. திருடராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ரோடு கான்ட்ராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசராகத்தான் வந்தார். அந்த நாளில் எங்கள் ஊரில் மீன் அதிகம் பட்டால் அது சந்தோஷம் இல்லை, தலைவலி. ஊர் தின்னும், கொஞ்சம் காயப்போடும், மிச்சத்தைக் குழி வெட்டிப் புதைக்கும். போர்ட் பிளேருக்கு அனுப்பலாம் என்றால் கப்பல் வந்தால் வரும், கேன்சல் ஆனால் ஆகும். வெயிலில் மீன் அதுவரை தாங்காது. அப்படிப் புதைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவர் சைக்கிளில் அந்த வழியாக வந்தார். குழிக்குள் இருந்து ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"ஏ, இது சீலால்லா! சீலா மீனக் குழி தோண்டிப் பொதைக்குற ஊர இங்கனதான் பாக்கேன். கிறுக்குப் பயலுவளா!"

பெரிய மீசைக்காரத் தெலுங்கு மீனவர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "பரஃப் நஹி, அண்ணா." ஐஸ் இல்லை.

"அது இல்லேன்னா உண்டாக்கணும்வே."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுத்த சம்பளத்தோடு ரோடு வேலையை விட்டார். போர்ட் பிளேரில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். ஊருக்குப் போய்த் தெரிந்தவர்களிடமெல்லாம் பேசினார். எங்களில் ஒருவருக்கு அந்த யோசனை வந்ததா என்றால் இல்லை. வந்திருந்தாலும் எந்த ஆபீசில் எந்த மேஜைக்குப் போவதென்று தெரிந்திருக்காது. இதை நான் மறைக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் ஷெட்டில் எல்லோரையும் கூட்டினார். தமிழ், தெலுங்கு, வங்காளம், மலையாளம் எல்லாம் கலந்த கூட்டம், அதனால் இந்தியில் பேசினார். ஆணையும் பெண்ணையும் மாற்றிப் போட்ட இந்தி. ஆனால் குரல் இருந்தது.

"ஹமாரா டாபு! ஹமாரா மச்லி! தோ பரஃப் பீ ஹமாரா!"

டாபு என்றால் தீவு. தீவும் ஹமாரா, மீனும் ஹமாரா, ஐஸும் ஹமாரா. சனம் எழுந்து நின்று கத்தியது. அந்த ஒரு சொல்லுக்குத் தெலுங்கு மீனவர்கள் வலை காயப்போடும் கடற்கரை மேட்டையே விட்டுக்கொடுத்தார்கள். வங்காளிகள் மரம் அறுத்துக் கொடுத்தார்கள். எங்கள் பெண்கள் ஓடையிலிருந்து கல் சுமந்தார்கள். சிரமதானம். கூலி கிடையாது, மத்தியானம் சோறு மட்டும். அம்மாவுக்கு அப்போதே முழங்கால் சரியில்லை. "நீ என்னாத்துக்கு வர்ற, வீட்டுல இரு" என்றேன்.

"நம்ம ஐஸ் பேக்டரிக்கு நாம சொமக்காம எவ சொமப்பா? போடி அங்கிட்டு" என்று சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தாள்.

நம்ம என்றாள். அவள் காதில் அப்படித்தான் விழுந்திருந்தது. என் காதிலும்தான்.

பிளான்ட் ஓட ஆரம்பித்தது. அவரைப் பிடிக்காமல் இருக்க முடியாது, அப்படி உழைத்தார். வெற்றிலை, பீடி எதுவும் இல்லை. வாயில் எப்போதும் ஒரு ஐஸ் துண்டு, கன்னம் ஒரு பக்கம் புடைத்திருக்கும். எந்தச் சண்டையை, எந்தக் கோரிக்கையைக் கொண்டுபோனாலும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அது கரையும்வரை பேச மாட்டார். கரைந்ததும் முடிவைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். புதுத் திட்டம் என்று யாராவது போனால், "ஐடியா கெடக்கட்டும். டீசலுக்கு வழி சொல்லும்" என்பார். ஊரில் பிள்ளைகள்கூட அதைச் சொல்லிக் கேலி செய்தன.

ஒருமுறை ஐஸ் உறையவைக்கும் அமோனியா வாயு கசிந்து உள்ளே வங்காளி ஆபரேட்டர் மாட்டிக்கொண்டான். எல்லோரும் வெளியே ஓடினோம். இவர் துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் அவனைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார். அதற்குப் பிறகு பல நாள் அவர் கண்கள் பழுத்த மிளகாய் மாதிரி இருந்தன. "அறிவிருக்கா அண்ணாச்சி உங்களுக்கு? செத்திருந்தா?" என்று கேட்டேன். "செத்தா ஐஸுக்கா பஞ்சம்?" என்றார்.

நான் அங்கே மீன் பேக்கிங்கில் வேலை பார்த்தேன். வெட்டி, கழுவி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் தூளோடு அடுக்க வேண்டும். அந்தக் கூலியில்தான் என் மகள் போர்ட் பிளேரில் காலேஜ் படித்தாள். பக்கத்தில் டீக்கடை வந்தது, போட் ஒர்க்ஷாப் வந்தது, மீனவப் பையன்கள் புது இன்ஜின் வாங்கினார்கள். தோட்டம் மூடிய ஊர் நிமிர்ந்தது. இதெல்லாம் அவரால்தான். வீடியோவில் அவர் சொன்னவற்றில் இது பொய்யே இல்லை.

துட்டி ஐஸ் வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். துட்டி என்றால் அவர்கள் ஊரில் சாவு. எங்கள் தீவில் செத்தவர்களுக்கு அதுவரை காத்திருக்கும் உரிமை கிடையாது. மகன் எங்கேயாவது வேறு தீவில் இருப்பான், கப்பல் கிடைத்து அவன் வருவதற்குள் வெக்கை விடாது. முகம் பார்க்காத பிள்ளைகள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. வங்காளித் தச்சர் ஒருவர் இறந்தபோது அவர் மகன் கார் நிக்கோபாரில் கிளார்க். காற்று மழை, கப்பல் இல்லை. யாரும் கேட்காமலே அண்ணாச்சி ஜீப்பில் ஐஸ் கட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, மரத்தூள் போட்டுத் தானே அடுக்கினார். கரையக் கரைய மறுபடி கொண்டுவந்தார். மகன் வந்து முகத்தைத் தொட்டுப் பார்த்து அழுதபோது இவரும் ஒரு மூலையில் நின்று அழுதார். காசு கொடுக்க வந்தவர்களைத் திட்டி அனுப்பினார்.

"துட்டி வீட்டுக்கு ஐஸுன்னா காசுன்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாது. வாசக் கேட்டு தொறந்தே கெடக்கணும்" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு அப்படித்தான் நடந்தது. சாதி, மதம், பாஷை எதுவும் பார்க்கவில்லை. சாவு விழுந்தால் முதலில் போகிற இடம் ஐஸ் பிளான்ட் என்று ஆயிற்று.

பிறகு மெயின்லேண்ட் கம்பெனி வந்தது. வெளிநாட்டுக்குச் சூரை மீன் அனுப்புகிறவர்கள். அண்ணாச்சியும் அவர்களும் பார்ட்னர் என்றார்கள். வலை காயப்போட்ட மேட்டைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. கேட்டில் வாட்ச்மேன் வந்தான், எங்களில் எவனும் இல்லை, கப்பலில் இறக்கினார்கள். சூரைக்குப் போகத்தான் மற்ற மீனுக்கு ஐஸ் என்றார்கள். பிறகு அதுவும் நாளுக்கு நாள் குறைந்தது. எங்கள் ஆட்களின் சின்ன போட்டுகள் ஐஸுக்குக் காத்துக்கிடந்தன.

மீசைக்காரத் தெலுங்கர்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு கேட்கப் போனார். நானும் போனேன். "ஆப் போலா தா, ஹமாரா" என்றார் அவர். நீங்கள்தானே சொன்னீர்கள், ஹமாரா என்று.

அண்ணாச்சி ஐஸ் துண்டை வாயில் போட்டார். கரைந்தது. கொஞ்சமும் கூசாமல் சொன்னார்.

"ஹா, போலா தா. ஹமாரா. மேரா, அவுர் மேரா பார்ட்னர் கா."

என்னுடையது, என் பார்ட்னருடையது. அதுதான் ஹமாரா.

எனக்கு அங்கேயே மண்டையில் அடித்தது போலிருந்தது. தமிழில் நம்ம என்று ஒரு சொல், எங்க என்று ஒரு சொல். எதிரில் நிற்பவனைச் சேர்த்தால் நம்ம. அவனை வெளியே நிறுத்தினால் எங்க. பால்குடி மறந்த பிள்ளைகூட இதில் தப்பு செய்யாது. இந்தியில் இரண்டுக்கும் ஹமாராதான். அவர் பேசியது இந்தி. நாங்கள் கேட்டது தமிழ். தெலுங்கிலும் எங்களைப்போலவே இரண்டு சொல் உண்டாம், அவர்களும் எங்களைப்போலவே ஏமாந்து நின்றார்கள்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அண்ணாச்சி எங்களிடம் தமிழில் எவ்வளவோ பேசியிருக்கிறார். நம்ம ஊரு என்பார், நம்ம சாமி என்பார், நம்ம ஊரு புட்டுக்கு ஈடு உண்டா என்பார். பிளான்ட் யாருடையது என்ற பேச்சு வந்தால் மட்டும், சுற்றி நிற்பது முழுக்கத் தமிழர்களாக இருந்தாலும், இந்திக்குப் போய்விடுவார். நம்ம பிளான்ட் என்று ஒரு தடவைகூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தெரிந்து செய்தாரா, வாயில் அப்படி வந்ததா என்று தெரியாது. எனக்கு இப்போது தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணை நாங்கள் பௌதி என்போம், அண்ணி மாதிரி. அவளிடம் இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் பாஷையிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அதனால் நாங்கள் சொல்லைப் பார்ப்பதில்லை, சாவி யார் இடுப்பில் இருக்கிறதென்று பார்ப்போம் என்றாள்.

"பிறகு எதுக்கு நீ மரம் தூக்குனே?"

"எல்லாரும் தூக்கினார்கள், நானும் தூக்கினேன்" என்றாள்.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். காலையில் கஞ்சி கேட்டாள். ஆற்றிக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. என் தம்பி போர்ட் பிளேரில், ஹேடோ துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தான். அவளுக்கு ஒரே மகன். போன் செய்தேன்.

"அக்கா, நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க. மொகம் பாக்கணும்க்கா. எப்படியாவது வெச்சிருங்க" என்று கத்தினான். அன்றைக்குக் கப்பல் கேன்சல். மறுநாள் விடுவார்கள் என்றான். ஹெலிகாப்டரில் நோயாளிகளுக்கே இடமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே ஃப்ரீசர் பெட்டியில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அதனால் என்ன, ஐஸ் இருக்கிறதே என்று நினைத்தேன். மறுநாள்வரை ஐஸ் கிடைத்தால் அவன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். கிடைக்காவிட்டால் பார்க்க மாட்டான். விஷயம் அவ்வளவுதான்.

பௌதியைக் கூட்டிக்கொண்டு பிளான்டுக்கு ஓடினேன். வாட்ச்மேன் விடவில்லை. என் சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார்.

"அம்மா போயிட்டா அண்ணாச்சி. தம்பி ஹேடோல மாட்டிக்கிட்டான். நாளைக்குக் கப்பல்ல வந்துருவான். அதுவரைக்கும் ஐஸ் வேணும்."

"ஐயோ, ஆத்தாவா? முந்தாநேத்துகூட ரோட்டுல நின்னு பேசினாவளே!" என்று தலையில் கை வைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. நடிப்பு இல்லை. நான் அருகில் நின்று பார்த்தேன், நிஜமாகவே கலங்கியது. பிறகு உள்ளே கையை நீட்டி ஒரு ஐஸ் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். துட்டி ஐஸுக்கு அவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

கரைந்தது.

"தங்கச்சி, தப்பா நெனைக்காத. எங்க ஐஸ் அம்புட்டும் கமிட் ஆயிட்டு. சூரை வந்து நிக்கி. ஒரு கட்டி கொறஞ்சாலும் மெயின்லேண்டுல இருந்து போன் வரும்."

தமிழில் சொன்னார். பிளான்டைப் பற்றி எங்க என்று அவர் தமிழில் சொல்லி அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

"எங்கன்னா யாரு அண்ணாச்சி?"

"என்ன தங்கச்சி?"

"எங்க ஐஸுன்னு சொன்னீங்கல்ல. அதுல எங்கம்மா இருக்காளா, இல்லையா? அவ கல்லு சொமந்தா. அதையாவது சொல்லுங்க."

"ஒங்கம்மா சொமந்தத நான் இல்லேன்னா சொன்னேன்? எங்கையில இல்ல தங்கச்சி. நானே இப்ப மேனேசர் மாதிரிதான் கெடக்கேன்."

"அப்ப கேட்டு தொறந்தே கெடக்கணும்னு சொன்னது யாரு? மேனேசரா?"

பௌதி நடுவில் புகுந்து அவரை வங்காளத்தில் திட்டினாள். நல்லவேளை அவருக்குப் புரியவில்லை. புரிந்துமிருக்கலாம். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "க்ரஷர் அடியில ஒடஞ்ச தூளு கெடக்கும். அத வேணா அள்ளிக்கிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஒன்றும் சொல்ல மாட்டாராம். பெரிய மனசு.

அள்ளினோம். வேறு என்ன செய்ய? இரண்டு பெண்களும் முட்டி போட்டு, சிமென்ட் தரையில் கிடந்த தூளைக் கையால் கூட்டி பெயின்ட் வாளிகளில் அள்ளினோம். பாதிக்கு மேல் தண்ணீர். மீன் செதிலும் ரத்தமும் கலந்திருந்தது. பக்கத்தில் சூரைக்குக் கட்டி கட்டியாக ஐஸ் இறங்கிக்கொண்டிருந்தது. அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் என்னோடு வேலை பார்ப்பவர்கள். ஒருத்தி ஒரு கட்டியைக் காலால் எங்கள் பக்கம் தள்ளப் பார்த்தாள். வாட்ச்மேன் பார்த்துவிட்டான்.

அந்தத் தூள் சாயங்காலம்கூடத் தாங்கவில்லை. அம்மாவைச் சுற்றிக் கவிச்சித் தண்ணீர் ஓடியதுதான் மிச்சம். காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். விடிந்தபோது முகம் மாறிவிட்டது. இதற்கு மேல் வைத்திருந்தால் அவளுக்குத்தான் அவமானம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சரிதான். எடுத்துவிட்டோம்.

அண்ணாச்சி வந்தார். பெரிய மாலை. பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார், சேற்றில் செருப்பில்லாமல் சுடுகாட்டு மேடுவரை நடந்தார். எவ்வளவு பெரிய மனுஷன், கூலிக்காரிக்குத் தோள் கொடுக்கிறார் பார் என்று எங்கள் ஆட்களே சொன்னார்கள். அவர் என்ன செய்வார், கம்பெனி காரியம் என்றும் சொன்னார்கள். இப்போது கைதட்டுகிறவர்கள் இவர்கள்தான். ஒரு மனிதன் வந்துதான் எங்களை முன்னேற்றினான் என்று நம்புவது சுலபம். கல் சுமந்த தலை ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

கப்பல் அன்று மத்தியானம் வந்தது. தம்பி ஜெட்டியில் இறங்கி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். கத்தவில்லை. வீட்டில் அம்மாவைக் கிடத்தியிருந்த, மண் இன்னும் ஈரமாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். தரையைத் தடவிக்கொண்டே, "மொகம் எப்படிக்கா இருந்துச்சு?" என்றான்.

"நீ பாக்காததே நல்லதுடா" என்றேன். தூங்குகிற மாதிரி இருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படிப் பேசத் தெரியாது.

காரியம் முடிந்து அவன் வேலைக்குத் திரும்பினான். அண்ணாச்சி பிறகு தன் பங்கையும் கம்பெனிக்கே விற்றுவிட்டு சென்னைக்குப் போனார். பிளான்ட் ஓடுகிறது. நான் அங்கே போவதில்லை, மார்க்கெட்டில் வாழைப்பழம் விற்கிறேன்.

தம்பி வேலைக்குத் திரும்பிய சில நாளில் ஒரு மத்தியானம் ஹேடோவிலிருந்து போன் செய்தான். பின்னால் கிரேன் சத்தம்.

"அக்கா, ஹட் பே சூரைப் பெட்டிங்க வந்துச்சு. நாந்தான் எறக்குனேன். ஒரு மூடியத் தொறந்து பாத்தேன்."

"எதுக்குடா அதெல்லாம்?"

"சும்மாதான்." யாரையோ கயிற்றைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி வந்தான். "வெயிலு, ஒரு நாள் பூரா கப்பல்ல கெடந்துருக்கு. மீனு கண்ணு தெளிவா இருக்குக்கா. ஒரு சொட்டுத் தண்ணி ஒழுகல."